மணலும் சில்லும்: புத்தளக் கரையோரப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு நோக்கு

புத்தளப் பகுதியின் வரலாற்றை எழுதுவோர் உப்பையும் துறைமுகத்தையும் கற்பிட்டிக் கோட்டையையும் விரித்துரைப்பர். மணலைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயின் சிலாபத்துக்கு வடக்கே உடப்பு முதல் கற்பிட்டி முனை வரை நீளும் கரையில், எப்பொருள் எவ்வழியே சென்றது என்பதைப் பெரிதும் தீர்மானித்தது மணலே எனலாம்.

1344 ஆம் ஆண்டில் இப்பகுதியில் வந்திறங்கிய இபுனு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்துதவிய பல்லக்கில் ஏறியே பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டார். புத்தளத்து உப்பு கண்டி இராச்சியத்துக்குப் பொதிமாடுகளின் முதுகில், தவளம் எனப்படும் மாட்டுச் சாரிகளாகச் சென்றது. ஒல்லாந்தரோ கொழும்பையும் புத்தளத்தையும் கால்வாயால் இணைத்துத் தட்டைப் படகுகளில் சரக்கேற்றினர். இம்மூன்று வழிகளிலும் சில்லுக்கு இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. இரும்புப் பட்டை கட்டிய ஒடுங்கிய வண்டிச் சில்லு, பாரமேறினால் மணலைக் கத்திபோலக் கிழித்துக் கீழிறங்கும். 1926 இல் புகையிரதம் புத்தளத்தை எட்டியபோதுதான் இரும்புச் சில்லு இங்கு முழு வெற்றி கண்டது. அதற்கு வழி முழுவதும் இரும்பை விரிக்க வேண்டியிருந்தது.

காற்றடைத்த ரயரே இந்நிலையை மாற்றியது. தொம்சன் என்பார் 1845 இல் அதற்குக் காப்புரிமை பெற்றும் அது வழக்கிற்கு வரவில்லை. 1888 இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் மீண்டும் கண்டறிந்த பின்னரே அது பரவியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1876 இல், புத்தளத்துக்குத் தெற்கே கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர் கன்றுகள் நடப்பட்டுவிட்டன. பொருள் நம் நாட்டில் வளர, அதன் பயன் வேறெங்கோ ஆராயப்பட்டது!

மணலில் மோட்டார் வண்டியைச் செலுத்தும் நுட்பத்தை 1920களிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தில் வளர்த்தோருள் ஆங்கிலப் படையதிகாரி பக்னோல்ட் முதன்மையானவர். இயந்திரத்தின் வலிமையை விட ரயரின் காற்றைக் குறைத்தலே பயன் தரும் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. இதன் கணக்கு எளிது. 2,640 இறாத்தல் நிறையுள்ள வண்டியில் சில்லொன்று தாங்குவது 660 இறாத்தல். ரயரில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கம் இருப்பின், அது நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 22 சதுர அங்குலம். அமுக்கத்தை 15 ஆக்கினால் 44. பாரம் மாறாதிருக்க, மணல் ஒவ்வோர் அங்குலத்திலும் சுமப்பது பாதியாகிறது. ஆழப் பதியாத சில்லு தன் முன்னே மணல்மேட்டைக் குவித்துக்கொண்டு போராட வேண்டியதுமில்லை. ஆயின் அதே ரயருடன் பாலாவியில் தார்வீதி ஏறி விரைந்தால் அதன் பக்கச்சுவர் நெளிந்து சூடேறும். காற்றை மீண்டும் நிரப்பியாக வேண்டும்.

வண்டியை மாற்றியமைப்போர் பலர் தடித்த கட்டைகளுள்ள அகன்ற ரயரைப் பூட்டினால் போதுமென எண்ணுகின்றனர். இது அரை உண்மை. களப்போரச் சேற்றில் அக்கட்டைகள் பற்றிக்கொள்ளும். உலர்ந்த மணலிலோ அவை குழி தோண்டும். அங்கு வேண்டுவது அகலமும் மென்மையும். மேலும், முன்சில்லு அமுக்கிய தடத்திலேயே பின்சில்லு ஓடினால் அதற்கு எதிர்ப்புக் குறையும். முன்னும் பின்னும் வெவ்வேறு அகலத்தில் சில்லுகளைப் பொருத்துவோர் இந்நன்மையை இழக்கின்றனர். சில்லுகளின் நேரமைப்பும் இதனோடு சேர்ந்ததே. தனித்தனித் தொங்கலுடைய வண்டியை உயர்த்தினால் சில்லின் சாய்வும் முகப்புக் கோணமும் மாறிவிடும். தார்வீதியில் இக்குற்றம் ரயரை ஒரு பக்கமாகத் தேய்க்கும். மணலிலோ கோணிய சில்லு ஏர்போல மணலைப் பக்கவாட்டில் தள்ளி, இயந்திரத்தின் வலுவை வீணாக்கும். இவ்வறிவு மோட்டாருக்கு முந்தியது. திருப்பத்தில் உட்சில்லு வெளிச்சில்லினும் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்பதை 1817 இல் லங்கன்ஸ்பேகர் குதிரை வண்டிக்காகவே வகுத்தார். காப்புரிமை எடுத்த அக்கர்மனின் பெயரே அதற்கு நிலைத்தது.

பிடிமானம் பற்றிய இவ்வாய்வு கரையோர மக்களின் பிழைப்பையும் தொடுகிறது. உடப்பில் கரைவலை இழுப்போர் அம்பாப் பாடலின் தாளத்துக்கு ஏற்பக் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்வாங்குவர். வலையின் இழுப்புக்கு எதிர்நின்றது அக்கால்களின் பிடிமானமே; இழுத்த ஒவ்வொருவருக்கும் பாட்டில் பங்குண்டு. அண்மைக் காலத்தில் இலங்கையின் கரைவலைத் துறைகள் பலவற்றில் உழவு இயந்திரத்தோடு உருளையைப் பூட்டிக் கயிற்றைச் சுற்றும் முறை புகுந்துள்ளது. இங்கு இயந்திரம் ஓடுவதில்லை, நின்றபடியே இழுக்கின்றது. அதன் பாரமும் பெரிய பின்ரயர்களும் மணலைப் பற்றி நிற்பதாலேயே வலை கரையேறுகிறது. அம்முறையைத் தடைசெய்யக் கோரிய மீனவரும் உளர். ஆட்கள் கிடைப்பதில்லை என்று அதனை ஆதரித்த சம்மாட்டிமாரும் உளர். இரு சாராரும் கூறுவதில் நியாயமுண்டு. எனினும் பலர் கால்கள் செய்த வேலையை இரு ரயர்கள் ஏற்கையில், அக்கால்களுக்குரிய பங்கு எவரிடம் சேர்கிறது என்பது இன்னும் கணக்கிடப்பட வேண்டியதாகவே உள்ளது.