அழிந்த நாடாக்களும் இல்லத்துப் பதிவுகளும்

ஸ்ட்ரீமிங் முறையிற் பார்க்கப்படும் படம் திரையில் ஓடி மறைகின்றது. அதன் பிரதி வழங்குநரிடமே தங்குகின்றது. தரவிறக்கி வீட்டு வன்தட்டிற் சேமித்தல் வீண்வேலை என்பாருமுளர். வழங்குநரிடம் உள்ளது என்றும் இருக்கும் என்னும் இந்நம்பிக்கைக்கு வரலாறு இடந்தருவதாயில்லை.

பி.பி.சி. 1963 நவம்பர் 23இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் 1960களுக்குரிய பகுதிகள் பலவற்றை அந்நிறுவனமே அழித்தது. விலைமிக்க நாடாக்கள் வேறு பதிவுகளுக்கு வேண்டப்பட்டன. மறு ஒளிபரப்புக்கோ வாய்ப்பு அரிதாயிருந்தது. அழிப்பு 1978 வரை நீடித்தது. எனினும், காட்சி இழந்த பகுதிகள் அனைத்தினதும் ஒலி எஞ்சியுள்ளது. தொலைக்காட்சிப் பெட்டியருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த நேயர் சிலர் அதனைக் காத்தனர். அவர்கள் வரலாற்றாசிரியர்களல்லர், தம் விருப்பத்துக்காகவே பதிந்தனர்.

நைஜீரியாவில் ஒன்பது பகுதிகள் கண்டெடுக்கப்பட்டமை 2013இல் அறிவிக்கப்பட்டது. ஏனையவற்றுட் பலவற்றை அந்நேயரின் நாடாக்கள் வழியே இன்றும் செவியால் மட்டுமே அறிகின்றோம்.