கல்லுக்குக் காவல், சேரிக்கு?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்ன மரம். இன்று அது தேசியப் புவியியல் சின்னம். காரை, குளக்கல்நத்தம் ஓடைச் சரிவுகளிலோ அம்மோனைட்டுச் சுருள்களும் சுறாப் பற்களும் மண்ணோடு மண்ணாக உதிர்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் இது. (இமயத்து அம்மோனைட்டு சாளக்கிராமமாகிப் பூஜை அறைக்குப் போகிறது. நம்ம ஊர்க் கல் மண்வெட்டியில் அடிபடுகிறது. கல்லிலும் சாதி!)

1840களில் கேயும் கன்லிஃபும் இங்கே பொறுக்கிய கற்களை 1846இல் ஃபோர்ப்ஸ் விவரித்தார். 1862இல் பிளான்ஃபோர்டு உத்தத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளுக்குப் பெயரிட்டார். அந்தப் பெயர்கள் நிற்கின்றன. குழி தோண்டியவன் யார், கூடை சுமந்தவள் யார்? நாம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதே கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் அரியலூர் சிமெண்ட். சுரங்கம் தின்ற அடுக்கு திரும்பி வராது. கல்லமேட்டில் கிடைத்து 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட ராட்சத விலங்கின் எலும்புகள் உதிர்ந்தே போயின. படமும் அளவும்தான் மிச்சம். ஆகவே பாதுகாப்புச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் சுரங்க முதலாளிக்குத்தான் கொண்டாட்டம்.

2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்கள் குறித்த சட்ட வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு. உள்ளே நுழைந்து ஆய்வு செய்யும் அதிகாரம் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநருக்கு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். மீறினால் ஆறு மாதச் சிறை, 5 லட்ச ரூபாய் வரை அபராதம். சரிதான். ஆனால் ‘நிலம்’ என்று எழுதுகிறவர்கள் அதன் மேல் ஆடு ஓட்டுகிறவளைப் பார்த்தார்களா? பட்டா உள்ளவனுக்கு இழப்பீடு. புறம்போக்கில் மூணு தலைமுறையாக் குடிசை போட்டவளுக்கு என்ன?

பாதுகாப்பு வேலியை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். கங்கைகொண்ட சோழபுரம் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2010 திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புது வீடு எழும்பக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். ஹம்பிக் கடைத்தெருவில் குடியிருந்தவர்களின் வீடுகளை 2011இல் இடித்தே விட்டார்கள். பெருமைக்குரிய சோழனின் காலம் மட்டும் என்ன? ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் ஊர்நத்தம், பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கல்லெழுத்தைப் பாதுகாக்கிறார்கள், அதில் இருக்கிற சேரியை வழிகாட்டி யாருக்கும் காட்டுவதில்லை.

இங்கே பஞ்சமி நிலத்தின் கதையை நினைக்காமல் முடியாது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அறிக்கை தந்தார், 1892இல் அரசாணை வந்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். காகிதத்தில் காவல் இருந்தும் யார் யார் கைக்கோ போய்விட்டது.

நியமகிரியில் 2013இல் 12 கிராம சபைகள் கூடிச் சுரங்கம் வேண்டாம் என்றன. அதற்குத் துணையாக 2006 வன உரிமைச் சட்டம் இருந்தது. நம்ம சனம் வனத்தில் இல்லை, ஓடைப் புறம்போக்கில் இருக்கிறது. அதற்கு அப்படியொரு சட்டம் கிடையாது. ஆகவே காரையில் எல்லைக்கல் நடுவதற்கு முன்னால் கிராம சபையின் சம்மதம், மேய்ச்சலுக்கும் பாதைக்கும் எழுத்தில் உரிமை, குடியிருப்போருக்குப் பட்டா — இந்த மூன்றும் சட்டத்துக்குள்ளேயே வரவேண்டும். அப்புறம் வேலி போடட்டும். வேலிக்குக் காவல்காரர் வேலையையும் சேரிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்ல வேண்டாம். ஆய்வாளர் வேலைக்கும் அவளைப் படிக்க வைக்கட்டும்.