வாப்பாவின் கண்ணும் ஒஸ்டினின் விளக்கும்

முகத்துவாரத்தில் எங்கள் வீட்டு முன்றலில் நிற்கும் ஒஸ்டின் டென் காரைத் தெரிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இந்தப் பதிவு அதன் ஹெட்லைட்டுக்குள் இருக்கும் கிண்ணத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா மஃரிபுக்குப் பிறகு அந்தக் காரை எடுக்கவே மாட்டார். கேட்டால் "கண் சரியில்ல மகன்" என்பார். கற்றரக்ட் ஒப்பரேஷன் செய்து பேப்பர் படிக்கத் தொடங்கிய பிறகும் அதே பேச்சுத்தான். எழுபது தாண்டியவர் சொன்னால் யார் மறுப்பது? நாங்களும் நம்பினோம்.

போன டிசம்பர் லீவில் விளக்கைக் கழற்றினேன். ரிஃப்ளெக்டர் பளபளவென்றுதான் இருந்தது. அந்தப் பளபளப்பில்தான் விஷயமே இருக்கிறது.

1930களின் ஆங்கிலக் கார்களில் ரிஃப்ளெக்டர் என்பது பித்தளைத் தகட்டைப் பரவளைவாக வளைத்து, உட்புறம் வெள்ளி முலாம் பூசிய கிண்ணம். பல்பின் இழை குவியத்தில் சரியாக இருந்தால் ஒளி சிதறாமல் நேரே போகும். அன்றைய பல்பு வெறும் 24 அல்லது 36 வாட். அதனால்தான் வெள்ளி. விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுக்குத் திருப்பி அனுப்பும் உலோகம் அது. 'டிப்' அடிக்கும் முறையும் வேடிக்கையானது. லூகாஸ் கம்பனியின் ஏற்பாடு ஒன்றில் சுவிட்சைத் தட்டினால் வலது விளக்கு அணைந்துவிடும். இடது விளக்குக்குள் ஒரு சின்ன மின்காந்தம் கிண்ணத்தையே கீழே சாய்த்துவிடும். எதிரே வருபவருக்கு விளக்கே தலைகுனிந்து வழிவிடுகிறது!

வெள்ளியின் எதிரி கடற்காற்றின் உப்பு என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கறுப்பாக்குவது பெரும்பாலும் கந்தகம். களனி ஆறு கடலில் விழும் இடத்தில் குடியிருக்கும் நமக்கு, கால்வாய்ச் சேற்றின் அழுகிய முட்டை வாசம் புதிதல்ல. அதிலுள்ள ஐதரசன் சல்பைட்டுத்தான் கொலுசையும் கறுக்கவைக்கிறது, ரிஃப்ளெக்டரையும் கறுக்கவைக்கிறது. கறுத்தால் என்ன செய்வோம்? பித்தளை பொலிஷ் போட்டுத் தேய்ப்போம். முலாமோ சில மைக்ரோன் தடிப்பு. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் துணியோடு போய்விடும். கடைசியில் மஞ்சள் பித்தளை எட்டிப்பார்க்கும்.

வெளிநாட்டில் இந்தத் தொல்லையைத் தீர்க்க வேறு வழி வந்தது. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைக்கும் முறை முதலில் தொலைநோக்கிகளுக்குத்தான் பயன்பட்டது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் இருக்கும் 100 அங்குல ஆடிக்கு 1935இல் அப்படிப் பூசினார்கள். ஐந்து வருஷத்தில் அது தெருவுக்கு வந்துவிட்டது. 1940 மாடல் அமெரிக்கக் கார்களில் கண்ணாடியும் கிண்ணமும் ஒன்றாக மூடிய 'சீல்ட் பீம்'. காற்றுப் புகாது, கறுக்காது, பழுதானால் முழுசாக மாற்றவேண்டியதுதான்.

நமக்கு அந்த மாற்றுகிற வசதி இருக்கவில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோனது. 1977 வரை இருந்ததை வைத்துத்தான் ஓட்டம். பஞ்சிகாவத்தையில் கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் பாஸ்மார் செய்து தந்ததுதான். அந்தக் காலத்தில் வாப்பா, தன் முதல் சம்பளத்தில், தேய்ந்துபோன இரண்டு கிண்ணங்களுக்கும் குரோம் அடித்துக்கொண்டு வந்தார். எங்கே என்பது வேண்டாம், அடித்தவரிலும் பிழையில்லை. குரோம் கறுக்காது, பகலில் பார்த்தால் வெள்ளியைவிடப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் அது திருப்பி அனுப்புவது நூற்றுக்கு அறுபத்தைந்து அளவுதான். விழும் ஒளியில் மூன்றில் ஒன்றை விழுங்கிவிடும். வருஷங்கள் போக அதிலும் புள்ளி விழுந்திருந்தது.

வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடத் தேவை. காரோ குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

குரோமைக் கழற்றுவித்து, பித்தளையை மினுக்கி, செட்டியார் தெருப் பக்கம் முலாம் பூசும் ஒருவரிடம் மறுபடி வெள்ளி பூசக் கொடுத்தேன். நெளிவை மட்டும் தட்டவேண்டாம் என்று கெஞ்சினேன். பரவளைவு போனால் வெள்ளி பூசியும் பிரயோசனமில்லை. திரும்பி வந்ததை விரலால் தொடவில்லை. மென்பஞ்சால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு துடைப்பு, கண்ணாடிக்குப் புதுத் தக்கை வளையம், அவ்வளவுதான். செலவை இங்கே எழுதமாட்டேன், வீட்டிலும் இந்தப் பதிவை வாசிக்கிறார்கள்.

இஷாவுக்குப் பிறகு முன்வீட்டு மதிலுக்கு நேரே காரை நிறுத்தி விளக்கைப் போட்டேன். வாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குரோமைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்திருந்தேன். முதல் சம்பளம் அல்லவா. சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப எண்ட கண்ணுக்கு ஒண்டுமில்லயா?"