ஆக்சைடு: புளிப்பில் பிறந்த சொல்

‘ஆக்சைடு’ என்பதன் வேர் கூர்மையையும் புளிப்பையும் குறித்த ‘ஆக்சிஸ்’ என்ற கிரேக்கச் சொல். ஆக்சிஜன் இல்லாமல் அமிலம் இல்லை என்று நம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, புளிப்பை ஈனுவது என்ற பொருளில் அந்த வளிக்குப் பெயர் வைத்தார். 1787இல் அவரும் தோழர்களும் பாரிசில் வெளியிட்ட பெயரிடல் முறையில், அதுவரை ‘கால்க்ஸ்’ எனப்பட்ட உலோக நீறுகள் ஆக்சைடுகள் ஆயின. குளோரின் ஒரு தனிமம் என 1810இல் ஆங்கில வேதியியலாளர் டேவி நிறுவியதும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வடமொழி ‘அம்ல’த்திலிருந்து வந்த அமிலமும் புளிப்பே. ஆனால் பெரும்பாலான உலோக ஆக்சைடுகள் புளிப்பைத் தணிப்பவை. வெதுவெதுப்பான நீர்த்த கந்தக அமிலத்தில் கரிய தாமிர ஆக்சைடு கரைய, நீல நிறத் தாமிர சல்பேட்டும் நீரும் உண்டாகும். லவாய்சியேயின் பெயர் கந்தகம் போன்ற அலோகங்களின் ஆக்சைடுகளுக்கே பொருந்தும்; நீரில் கரைந்து தாமே அமிலமாகும் அவை, பொதுவாக அமிலத்தோடு வினைபுரிவதில்லை. மணலின் சிலிக்கா ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கு இடங்கொடுப்பது விதிவிலக்கு. அலுமினியம், துத்தநாக ஆக்சைடுகள் அமிலம், காரம் இரண்டோடும் வினைபுரியும். பாடநூல்கள் தரும் ‘ஈரியல்பு’ என்ற சொல் இதற்கு மிக நன்று. ஆக்சைடுக்கு மட்டும் அத்தகைய தமிழ்ச்சொல் அமையவில்லை. துரு இரும்போடு நின்றுவிடுகிறது. செம்பின் களிம்பில் கார்பனேட்டும் கலந்திருக்கும். சித்த மருத்துவத்தின் பற்பம், ஆக்சைடு அல்லாத நீறுகளையும் சுட்டும். எனவே வேதியியல் எழுத்தில் ‘ஆக்சைடு’ என்பதையே ஆள்வது பொருத்தம்.