காஸ்திரி: ஓர் ஊர்ப்பெயரின் வரலாறு

கிரேக்க நாட்டின் நடுப்பகுதியில், பர்னாசஸ் மலையின் தென்சரிவில், ஒலிவத் தோப்புகள் நிறைந்த சமவெளிக்கு மேலே அமைந்துள்ள டெல்ஃபி என்னும் சிற்றூர், அப்போலோ தேவனிடம் குறி கேட்கும் புண்ணிய ஸ்தலமாக உலக சரித்திரத்தில் பிரசித்தி பெற்றதாயினும், 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கு வாழ்ந்த குடியானவர்கள் அவ்வூரைக் 'காஸ்திரி' என்றே வழங்கி வந்தனர். இப்பெயர் மாற்றங்களின் வரலாறு தனியே ஆராயத் தக்கது.

ஹோமரின் காவியங்கள் இத்தலத்தைப் 'பீத்தோ' என்று குறிக்கின்றன. அப்போலோ வதைத்த சர்ப்பத்தின் உடல் வெயிலில் அழுகிய இடமாதலால், அழுகுதலைக் குறிக்கும் வினையடியாகப் பீத்தோ என்னும் பெயர் பிறந்தது என்று அத்தேவன்மீது பாடப்பட்ட புராதனத் துதி கூறுகிறது. அத்துதியே, அப்போலோ ஓங்கில் வடிவங்கொண்டு கிரீட் தீவின் மாலுமிகளை வழிநடத்திவந்து தன் ஆலயத்தின் அர்ச்சகர்களாக்கினான் என்றும் உரைக்கிறது. ஓங்கிலுக்குக் கிரேக்கத்தில் 'டெல்ஃபிஸ்' என்று பெயராதலால், டெல்ஃபி என்ற பெயரை இக்கதையோடு இணைப்பது பண்டைக்கால முதலே வழக்கமாயிற்று.

கதை அழகியதே, ஆயினும் பெயரின் உருவம் வேறொரு திசையைக் காட்டுகிறது. கிரேக்கத்தில் இவ்வூர்ப்பெயர் 'டெல்ஃபோய்' எனப் பன்மையாகவே வழங்குவதால், ஆதியில் அது நிலத்தைவிட அங்கு வாழ்ந்த மக்களையே சுட்டியிருத்தல் கூடும். கருப்பையைக் குறிக்கும் 'டெல்ஃபீஸ்' என்ற சொல்லோடு இதனை உறவுபடுத்தும் மொழிநூலார் பலர்; சகோதரனைக் குறிக்கும் 'அதெல்ஃபோஸ்' என்ற சொல்லும், ஒரே வயிற்றில் பிறந்தவன் என்னும் பொருளில், அவ்வேரிலிருந்தே கிளைத்தது. வடமொழியின் 'கர்ப்பம்' என்பதையும் இவ்வினத்தோடு ஒப்பிடுவோர் உளர். அவ்வேரின் பொருள் மலைப்பிளவைக் குறித்ததோ, மக்களின் குலத்தைக் குறித்ததோ எனத் துணிவதற்குச் சான்று போதாது. ஓங்கில் கதை பெயருக்குப் பின்னர் எழுந்தது என்பதே என் துணிபு.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தபின், சில காலம் கிறிஸ்தவ ஊராக நிலவிய டெல்ஃபி படிப்படியாக க்ஷீணித்தது. அதன் இடிபாடுகளின்மேல் எழுந்த குடியிருப்பே காஸ்திரி. கோட்டையைக் குறிக்கும் லத்தீன் 'காஸ்திரும்' என்ற சொல், பைசாந்தியர் நாவில் 'காஸ்திரோன்' ஆகி, சிறுமை விகுதி பெற்றுக் காஸ்திரி ஆயிற்று. மண்ணுக்குமேல் தெரிந்த மாபெருஞ்சுவர்களைக் கோட்டையின் எச்சமென எண்ணியே பிற்காலத்தார் இப்பெயரிட்டிருக்க வேண்டும். ஆர்கோலிஸ் கரையிலுள்ள தொன்மையான ஹெர்மியோனேயும் இவ்வாறே நெடுங்காலம் காஸ்திரி எனப்பட்டது.

1436இல் இங்கு வந்த அங்கோனா நகரத்துச் சிரியாக்கோ சாசனங்களைப் படியெடுத்துச் சென்றார். 1676இல் வந்த யாக்கோபு ஸ்போனும் ஜார்ஜ் வீலரும் சாசனங்களின் துணைகொண்டே இதுவே டெல்ஃபி என்று தெளிந்தனர். வீட்டுச் சுவர்களிலும் தேவாலயத்திலும் பதிந்துகிடந்த அக்கற்களே மறைந்த பெயரைக் காத்து நின்றன. எனினும், அவற்றை முழுமையாக வெளிக்கொணர ஊரையே அகற்றியாக வேண்டியிருந்தது. 1870இல் நிலநடுக்கமொன்று காஸ்திரியைச் சிதைத்தது; பின்னர்ப் பிரெஞ்சு அரசு கிரேக்கத்தோடு நெடுநாள் பேரம் பேசி, அதில் உலர்திராட்சைக்கான இறக்குமதி வரியும் ஒரு பொருளாக நின்று, 1891இல் அகழ்வுக்கு இசைவு பெற்றது. ஐந்து லட்சம் பிராங்கு ஒதுக்கப்பட்டது. 1892இல் பிரெஞ்சுத் தொல்லியலார் தியோஃபில் ஒமோல் அகழ்வு தொடங்கியபோது ஊரார் எதிர்த்தனர். படைவீரர் காவலோடுதான் வேலை நடந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த மனைகளை விட்டு அகன்ற அம்மக்களின் துயரத்தை, 1896இல் வெளிப்பட்ட வெண்கலத் தேர்ப்பாகன் சிலையின் பேரெழிலில் நாம் மறந்துவிடுவது நியாயமன்று.

மேற்கே சற்றுத் தொலைவில் புதிதாக அமைந்த ஊருக்கு டெல்ஃபி என்ற பெயர் சேர்ந்தது. இப்பெயர்மீட்பு தனி நிகழ்ச்சியன்று. விடுதலை பெற்ற கிரேக்க அரசு, இடைக்காலப் பெயர்களை விலக்கிப் புராதனப் பெயர்களை நாடெங்கும் மீட்டுவந்தது. அண்டையிலுள்ள சலோனா ஆம்ஃபிசா ஆனதும் அம்முறையிலேயே. ஆயினும் பழைய டெல்ஃபியின் கற்களைப் பல நூற்றாண்டுகள் தன் சுவர்களில் தாங்கிநின்ற ஊர் காஸ்திரியாதலால், டெல்ஃபியின் சரித்திரத்தை எழுதுவோர் அப்பெயரையும் அதற்குரிய இடத்தில் வைத்தே எழுதுதல் வேண்டும்.