வல்வில் ஓரி கொடுத்த பார்ட்டி

வீட்டில் ஒயினும் சீஸும் வைத்து நண்பர்களைக் கூப்பிட்டால், "இதெல்லாம் நம்ம ஊர்ப் பழக்கமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கேள்வியைக் கொல்லிமலைக்கு எடுத்துப்போவோம்.

புறநானூறு 152, வன்பரணர் பாட்டு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக ஒரே அம்பு துளைக்கிறது. எய்தவன் வெறும் வேட்டுவனாகத் தெரியவில்லை. கொல்லிக்கு அரசன் ஓரிதானோ? பாணர்கள் சந்தேகத்தோடே பாடுகிறார்கள். பாட்டில் 'கோ' என்றதும் ஆள் வெட்கப்படுகிறான். வந்த காரியத்தைச் சொல்லக்கூட விடவில்லை. கொழுப்போடு வெந்த மான்கறி, உருக்கிய பசுநெய் போன்ற மது, அதற்கு மேல் பொன்னும் மணியும்!

ஒயினின் துவர்ப்பைத் தணிக்கத்தான் சீஸின் கொழுப்பு. ஓரியின் மதுவில் துவர்ப்பு இருந்ததோ என்னவோ, கூடவே கொழுப்பைக் கேட்கிற நாக்கு ஒன்றுதான்.

யவனர் மதுவும் வந்தது. புறநானூறு 56-இல் பாண்டியன் நன்மாறன் அதைப் பொற்கிண்ணத்தில் குடிக்கிறான். அரிக்கமேட்டில் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. என்னைக் கேட்டால் ஓரியின் விருந்துதான் உசத்தி. காட்டுவழியில் வந்த, முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தது அது.

குறளில் கள்ளுண்ணாமை இருக்கே என்பீர்கள். இருக்கிறது. குடிக்காத ஊருக்குப் பத்துக் குறள் எதற்கு?

குடி சட்டப்படி குற்றமானது ராஜாஜி ஆட்சியில், 1937 அக்டோபர் 1 அன்று. மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். கொல்லிமலை அப்போது அந்த மாவட்டம்தான்; நாமக்கல் தனியாகப் பிரிந்தது 1997-இல்.