பாலாற்றங்கரைக் கிணறுகள்

பாலாறு ஓர் ஆறு என்று பூகோள நூல்கள் கூறுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் நீர் ஓடக் காண்பது அரிது. ஆயினும் அதன் கரையில் வாழ்ந்த உழவர்கள் அதனை வறண்ட ஆறென்று எண்ணியதில்லை. மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் வெட்டி அந்நீரைக் கழனிக்குக் கொண்டுசென்றார்கள். கரையோரத்தில் கிணறு தோண்டிக் கவலை பூட்டி இறைத்தார்கள். வட ஆர்க்காட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டைகளையும் போர்களையும் மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் போதாது. கிணறுகளின் வரலாற்றையும் எழுதவேண்டும் என்பது என் கருத்து. அவ்வரலாற்றில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குரிய பகுதியை, மாணவ நேயர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலில் நெடுநாளாகப் பெயர்பெற்றவை. பழைய முறையில், தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் வாரக்கணக்கில் கிடத்துவார்கள். நாற்றம் மூக்கைத் துளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பட்டைக் கழிவு பெரும்பாலும் மண்ணில் மக்கிப்போகக் கூடியது. தொழிலின் அளவும் அந்நாளில் சிறியது.

1903-ஆம் ஆண்டு, சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர், குரோமிய உப்பினால் தோலைப் பதனிடும் புது முறையைச் சோதித்துப் பார்த்தார். வாரக்கணக்கில் நடந்த வேலை சில நாட்களில் முடிந்தது. இவ்வாறு பதனிட்ட தோல், நீரில் நனைந்து நனைந்து கெடுவதில்லை. ஆகவே அதன் தொடக்ககாலப் பயன்களுள் ஒன்று என்ன தெரியுமா? உழவன் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையின் தோற்பைதான்! அதே சாட்டர்ட்டன், கிணறுகளில் எண்ணெய் எஞ்சின் வைத்து நீர் இறைப்பதையும் சென்னை மாகாணத்தில் ஊக்கி வளர்த்தவர். குரோமியத் தோலும் எஞ்சின் இறவையும் ஒருவர் கையிலிருந்தே கிணற்றடிக்கு வந்தன. அவருடைய நோக்கத்தை நான் குறைகூறவில்லை. அவ்விரண்டும் பின்னாளில் நிலத்தடியில் எவ்வாறு சந்திக்கும் என்பதை அன்று யாரும் கணித்திருக்க இயலாது.

விடுதலைக்குப் பின் தொழில் மெல்ல வளர்ந்தது. 1970-களில் இந்திய அரசாங்கம் பச்சைத் தோலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு விதித்தது. முழுதும் பதனிட்டு முடித்த தோலை விற்றால் வேலையும் அந்நியச் செலாவணியும் பெருகும் என்பது எண்ணம். பெருகவும் செய்தன, அதனோடு குரோமிய முறையும் பரவிற்று. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று பின்னர் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டது. அந்நீர் எங்கே போயிற்று? வாய்க்காலுக்கும், ஏரிக்கும், திறந்த வெளிக்கும், பாலாற்று மணலுக்கும் போயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தோற்கழிவு என்றவுடன் எல்லோரும் குரோமியத்தையே பேசுகிறோம். ஆனால் பதனிடுவதற்குப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் சேற்றிலும் மண்ணிலும் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். தொலைவுக்குப் பயணம் செய்வது சாதாரண உப்பு! தோல் அழுகாமலிருக்க முதலில் அதன்மேல் தூவிய அதே உப்புதான். அது நீரில் முற்றும் கரைவது. மண் அதைப் பிடித்து நிறுத்துவதில்லை. எஞ்சினும் மின்சார மோட்டாரும் கிணற்றின் நீர்மட்டத்தைத் தாழ்த்தத் தாழ்த்த, சுற்றிலுமுள்ள நீர் அக்கிணற்றை நோக்கிச் சாய்கிறது. கழிவின் உப்பும் அதனோடு வந்து சேர்கிறது. தென்னையும் நெல்லும் சோர்ந்ததற்குப் பெரிய காரணம் இதுவே. இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல் வேறு வகையானது. அதிலுள்ளது அறுவிணைதிறக் குரோமியம். அது நீரில் கரைந்து நகரும், மஞ்சள் நிறம் காட்டும், நஞ்சு மிகுந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் மருந்தும் தவறிப்போகும்.

கிணற்று நீர் கெட்டுவிட்டது என்பதை முதலில் அறிந்தது உழவனின் நாக்கு. ஆனால் நாக்கின் சாட்சியம் நீதிமன்றத்தில் ஏறாது. எண் வேண்டும். அந்த எண்ணைப் பெறுவது பார்வைக்கு எளிது. செய்வதற்குப் பொறுமை வேண்டும். கிணற்றுக் குழாயில் தேங்கிக்கிடக்கும் பழைய நீரை முதலில் இறைத்துக் கொட்டிவிட்டு, நிலத்திலிருந்து புதிதாக ஊறிவரும் நீரையே புட்டியில் பிடிக்கவேண்டும். உலோகத்தைச் சோதிக்கும் புட்டியில் சில துளி அமிலம் சேர்க்கவேண்டும்; இல்லாவிடில் சோதனைச்சாலைக்குப் போவதற்குள் உலோகம் புட்டியின் சுவரில் படிந்துவிடும். நீரின் மின்கடத்தும் திறனைக் கிணற்றடியிலேயே அளந்தால், கரைந்த உப்பின் அளவை மதிப்பிடலாம். ஒரு கிணறு போதாது: நிலத்தடி நீர் ஓடிவரும் திசையில் ஆலைக்கு மேற்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் சில. மேற்கிணற்றில் உப்பு குறைந்தும் கீழ்க்கிணறுகளில் மிகுந்தும் இருந்தாலன்றி, ஆலையின் மீது குற்றம் சாட்ட இயலாது. மழைக்கு முன்னும் பின்னும், ஆண்டுதோறும், அதே கிணறுகளில் இதைச் செய்யவேண்டும். நடுவண் நிலத்தடி நீர் வாரியம் மே மாதத்திலும் நவம்பரிலும் கிணறுகளைப் பார்ப்பதன் பொருள் இதுதான்.

இந்த அளவுகோல் உழவனையும் விடாது என்பதைச் சொல்லியாகவேண்டும். யூரியாவை மிகுதியாக இட்ட வயலுக்கு அருகிலுள்ள கிணற்றில் நைட்ரேட் ஏறும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கைக்குழந்தைகளுக்கே அதனால் ஆபத்து அதிகம்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் பிறந்தது. தமிழ்நாட்டில் அதற்குரிய வாரியம் 1982-இல் அமைந்தது. விதி இருந்தது, ஆயினும் கழிவு ஓடிற்று. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை நாடியது. அங்கே எண்கள் பேசின. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டிருந்தது. தோல் தொழிலுக்குப் பெயர்போன மற்றோர் ஊரான திண்டுக்கல்லின் சுற்றுப்புறத்தில், 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்பதும், கேடு வருமுன்னரே காக்கவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அறிவித்தது. தம் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோர்மேல் விழுந்தது. இந்தியாவில் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்.

இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001-இல் அது 547 தொழிற்சாலைகளைப் பொறுப்பாக்கி, ஏறத்தாழ 29,000 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் ஈட்டுத்தொகை வழங்கத் தீர்மானித்தது. தலைக்கு எவ்வளவு விழும் என்பதை மாணவர்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பின்னர், கழிவுநீரை வெளியே விடாமல் உப்பைப் பிரித்தெடுத்து நீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறையும் வந்தது. பிரித்த உப்பை எங்கே வைப்பது என்பது இன்னும் ஆலைக்காரர்களுக்குத் தலைவலியாகவே இருக்கிறது.

ஈட்டுத்தொகை எல்லோரையும் எட்டவில்லை. பல கிணறுகளும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மணலடியில் தங்கிய உப்பை மழைநீர்தான் கழுவிச் செல்லவேண்டும். பாலாறு கரைபுரண்டு ஓடுவதோ 2021 நவம்பரில் நேர்ந்ததுபோல எப்போதோ ஒருமுறை. வழக்கு மீண்டும் உச்சநீதிமன்றம் ஏறியது. 2025 ஜனவரி 30 அன்று நீதிமன்றம், எஞ்சியோருக்கும் தொகையைக் கொடுக்கவேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைத்துப் பாதிக்கப்பட்ட பகுதியைத் தணிக்கை செய்யவேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் மனு கொடுத்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.